ஃபிக்ஸட் கியர் ஃபிரேம்: இரண்டு அளவுக்கு நடுவில் நிற்பவர்கள் எதை எடுப்பது?

ஃபிக்ஸட் கியர் சைக்கிள் (சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும் சைக்கிள்) கட்ட முடிவு செய்தவர்களில் நிறையப் பேர் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். பிடித்த ஃபிரேம் கிடைத்துவிட்டது, நிறமும் பிடித்திருக்கிறது. ஆனால் அளவு அட்டவணையைத் திறந்தால் தங்கள் உயரம் சரியாக இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுகிறது. 52 எடுத்தால் குறுகிப் போகுமோ, 55 எடுத்தால் தாண்டி நிற்க முடியாதோ என்று நாள் கணக்கில் யோசிக்கிறார்கள். யாரிடம் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "சந்தேகமா, சின்னதை எடு, சீட்டை ஏற்றிக்கலாம்."

இந்தப் பதில் எனக்கு உடன்பாடில்லை. சீட் போஸ்ட்டை ஏற்றினால் சரியாவது கால் நீளம் ஒன்றுதான். கை எவ்வளவு தூரம் போகிறது, ஹேண்டில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, முன் சக்கரத்துக்கும் ஷூ நுனிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற மூன்றையும் சீட் போஸ்ட் தொடுவதே இல்லை. அதிலும் மூன்றாவது விஷயம், பெடலை நிறுத்தவே முடியாத ஒரு சைக்கிளில், மற்ற சைக்கிள்களைவிட ரொம்ப முக்கியம்.

அதனால் முதலில் எதை வைத்து ஒப்பிடுவது என்று பார்ப்போம். அப்புறம் சின்னது, பெரியது, இரண்டையும் விட்டு வேறு வடிவ ஃபிரேம் என்று மூன்றையும் எடை போடுவோம்.

அட்டவணையில் இருக்கும் எண்

52, 55 என்று எழுதியிருப்பது பெரும்பாலும் சீட் டியூபின் (சீட் போஸ்ட் செருகும் குழாய்) நீளம், செ.மீ. கணக்கில். கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் நடுவில் அளவைத் தொடங்குவார்கள். எங்கே முடிப்பது என்பதில்தான் ஒற்றுமை கிடையாது. சிலர் டாப் டியூபின் (சீட் பக்கத்திலிருந்து ஹேண்டில் பக்கம் போகும் மேல் குழாய்) நடுக்கோடு வரை அளக்கிறார்கள், சிலர் சீட் டியூபின் மேல் நுனி வரை. ஒரே ஃபிரேமை இப்படி இரண்டு விதமாக அளந்தாலே 1.5, 2 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். ஒரே எட்டாம் நம்பர் செருப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிற மாதிரிதான் இதுவும். டாப் டியூப் பின்னால் சரிந்து இறங்கும் ஃபிரேம் என்றால் சீட் டியூப் நீளத்துக்கு அர்த்தமே குறைந்துவிடும், ஏனென்றால் அங்கே டியூப் வேண்டுமென்றே குட்டையாக வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே அந்த எண்ணை ஒரு பெயராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்க வேண்டியது கீழே வரும் அளவுகளை வைத்து.

முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

பேன்ட் அளவு இதற்கு உதவாது. வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை, அதன் முதுகு மேலே இருக்கும்படி, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு அழுத்தி மேலே தள்ளுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உங்கள் உள்கால் அளவு. இரண்டு மூன்று தடவை அளந்து பாருங்கள், முதல் தடவை பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்.

இந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் வரும். சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது. 80 செ.மீ. உள்கால் என்றால் 70.6 செ.மீ. ரோடு சைக்கிளின் சற்று நீளமான கிராங்கை வைத்து வந்த கணக்கு என்பதால், ஃபிக்ஸட் கியரில் வழக்கமாக வரும் 165 மி.மீ. கிராங்குக்கு இன்னும் அரை செ.மீ. ஏற்றலாம் என்று தாளில் வரும். நான் ஏற்றச் சொல்ல மாட்டேன். இறக்கத்தில் கால் தானாகச் சுழலும்போது சீட் ஒரு துளி உயரமாக இருந்தாலும் இடுப்பு குதிக்க ஆரம்பித்துவிடும், காலை நிறுத்தி ஓய்வெடுக்கவும் வழியில்லை. வந்த எண்ணிலேயே தொடங்குங்கள், வேகமாகச் சுழற்றும்போது இடுப்பு ஆடினால் 3 முதல் 5 மி.மீ. இறக்குங்கள்.

உள்காலை 0.65, 0.67 என்று பெருக்கி ஃபிரேம் அளவு கண்டுபிடிக்கும் வழக்கமும் உண்டு. 80-க்கு அது 52-இலிருந்து 53.6 வரை வரும். அதாவது சரியாக நம் பிரச்சினை இருக்கிற இடத்திலேயே கொண்டுவந்து விடும். எந்தப் பக்கம் தேடுவது என்று காட்டும், எதை வாங்குவது என்று சொல்லாது.

இன்னொரு அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி. அது உங்கள் உயரத்தைவிடக் கூடுதலாக இருந்தால் நீளமான ஃபிரேம் உங்களுக்கு உறுத்தாது. குறைவாக இருந்தால், குறிப்பாகக் கால் நீண்டு உடம்பு குட்டையாக இருப்பவர்களுக்கு, சீட் டியூப் கணக்கு எப்போதும் தேவைக்கு மேல் நீளமான ஃபிரேமைத்தான் காட்டும்.

எதை வைத்து ஒப்பிடுவது

*ரீச், ஸ்டாக்.* பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டால், ஹெட் டியூபின் (ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் முன் குழாய்) மேல் நுனி அந்தக் கோட்டுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அது ரீச், எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது ஸ்டாக். இரண்டு ஃபிரேமை நேர்மையாக ஒப்பிட இதைவிட நல்ல அளவு இல்லை. சில கம்பெனிகள் இதைத் தராமல் டாப் டியூபின் கிடைமட்ட நீளத்தை மட்டும் தருவார்கள். அங்கேதான் ஏமாந்துபோவோம். டிராக் ஃபிரேம்களில் (பந்தயத் தடத்துக்காக வரையப்பட்டவை) சீட் டியூப் 74, 75 டிகிரி என்று நிமிர்ந்து நிற்கும், ரோடு ஃபிரேமில் 73 பக்கம் இருக்கும். ஸ்டாக் 55 செ.மீ. உள்ள இரண்டு ஃபிரேம், டாப் டியூப் நீளமும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். 73 டிகிரி ஃபிரேமைவிட 75 டிகிரி ஃபிரேமின் ரீச் சுமார் 2 செ.மீ. கூடுதலாக இருக்கும். சீட்டைப் பெடலுக்கு நேராக உங்கள் வழக்கமான இடத்தில் பின்தள்ளி வைத்ததும் ஹேண்டில் அந்த 2 செ.மீ. தள்ளிப் போய்விடும். "என் ரோடு சைக்கிளும் 54 டாப் டியூப், இதுவும் 54, ஆனாலும் இதில் கை நீட்ட வேண்டியிருக்கிறதே" என்பதற்குக் காரணம் இதுதான்.

*ஃபிரன்ட் சென்டர்.* பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து முன் சக்கர அச்சு வரை உள்ள தூரம். பெடல் முன்னால் இருக்கும்போது சக்கரத்தைத் திருப்பினால் ஷூ நுனி டயரில் இடிக்குமா என்று இதை வைத்துத்தான் தெரியும். கணக்கு சுலபம்: கிராங்க் நீளம், பெடல் அச்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஷூவின் நீளம், டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் ஆரம், மூன்றையும் கூட்டுங்கள். 165 மி.மீ. கிராங்க், சுமார் 100 மி.மீ. ஷூ, 25 மி.மீ. டயர் போட்ட 700சி (ரிம் விட்டம் 622 மி.மீ.) சக்கரத்துக்கு 336 மி.மீ. மொத்தம் 601. ஃபிரன்ட் சென்டர் அதற்கு மேல் இருந்தால் இடிக்கவே இடிக்காது. இது கொஞ்சம் கடுமையான கணக்கு, சக்கரம் திரும்பும்போது அதன் பின் விளிம்பு சற்று முன்னால் நகர்ந்துவிடும் என்பதால் சில மி.மீ. குறைந்தாலும் தப்பிக்கலாம். 20, 30 மி.மீ. குறைந்தால் இடிக்கும்.

சாதாரண சைக்கிளில் இடித்தால் என்ன செய்வோம்? திருப்பத்தில் பெடலை ஒரு பக்கமாக நிறுத்திக்கொள்வோம். ஃபிக்ஸட் கியரில் அந்த வசதி இல்லை. சைக்கிள் நகர்ந்தால் பெடல் சுழன்றே தீரும், கால் முன்னால் வரும் நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. வேகமாகப் போகும்போது முன் சக்கரம் சில டிகிரிதான் திரும்பும் என்பதால் அங்கே ஆபத்து இல்லை. நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், யூ-டர்ன் அடிக்கும்போதும், டிராக்-ஸ்டாண்ட் போட்டு (காலைத் தரையில் ஊன்றாமல் சமன்செய்து) நிற்கும்போதும்தான் பிரச்சினை. கால் பெடல் பட்டையில் மாட்டியிருக்க, ஷூ சக்கரத்தில் சிக்கினால் பக்கவாட்டில் விழுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

*தாண்டி நிற்கும் உயரம்.* சீட்டுக்கு முன்னால் இறங்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கும்போது டாப் டியூபுக்கு மேல் இருக்கும் இடைவெளி. டிராக் ஃபிரேம்களில் பாட்டம் பிராக்கெட் சற்று உயரமாக இருக்கும், சாய்ந்து திரும்பும்போதும் உள்பக்கப் பெடல் சுழன்றுகொண்டே இருப்பதால் அது தரையில் இடிக்காமல் இருக்க அப்படி வைக்கிறார்கள். அந்த உயரம் அப்படியே டாப் டியூபுக்கும் போகும். தரையிலிருந்து 28.5 செ.மீ. உயரத்தில் பாட்டம் பிராக்கெட், 74 டிகிரி சீட் டியூப், தட்டையான டாப் டியூப் என்றால், நுனி வரை 52 உள்ள ஃபிரேமில் டியூப் சுமார் 78.5 செ.மீ. உயரத்தில் இருக்கும், 55-இல் 81.4. உள்கால் 80, ஷூவுக்கு 2.5 சேர்த்து 82.5 என்றால், முதலாவதில் 4 செ.மீ. இடைவெளி, இரண்டாவதில் 1.

ஒரு செ.மீ. போதாதா என்று கேட்கலாம். சிக்னலில் நின்று புறப்படும்போது பெடலை உங்களுக்கு வசதியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், பின்னோக்கிச் சுற்றி வைத்துக்கொள்ள முடியாது. முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை முன்னால் அழுத்தி, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, காலால் கிராங்கைத் திருப்புவோம். அப்போது டாப் டியூபும் சேர்ந்து மேலே வரும். ஒரு செ.மீ. எங்கே போதும்? குறைந்தது 2, முடிந்தால் 3 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஃபிரேம்

ஒப்பிடுவதற்காக இரண்டு அளவை எடுத்துக்கொள்வோம். சின்னதில் ஸ்டாக் 530, ரீச் 385, ஃபிரன்ட் சென்டர் 575. பெரியதில் ஸ்டாக் 555, ரீச் 395, ஃபிரன்ட் சென்டர் 588. எல்லாம் மி.மீ.

பார்த்தவுடன் ரீச்சில் 10 மி.மீ.தானே, ஒரு ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடித்து முன்னால் நீட்டும் பாகம்) மாற்றினால் முடிந்தது என்று தோன்றும். அப்படி முடியாது. ஹேண்டிலை இரண்டிலும் ஒரே உயரத்தில் வைக்க வேண்டுமென்றால் சின்ன ஃபிரேமில் 25 மி.மீ. ஸ்பேசர் (ஸ்டெம்முக்குக் கீழே போடும் வளையங்கள்) அடுக்க வேண்டும். ஹெட் டியூப் பின்னால் சாய்ந்திருப்பதால் மேலே போகப் போக ஹேண்டில் பின்னாலும் வரும், 25 மி.மீ. ஏறினால் சுமார் 7 மி.மீ. பின்னால். ஆக உண்மையான வித்தியாசம் 17 மி.மீ. பெரிய ஃபிரேமில் 90 ஸ்டெம் போதும் என்றால் சின்னதில் 110 வேண்டும். அட்டவணையில் இருக்கும் ரீச்சை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

110 ஸ்டெம் ஒன்றும் தப்பில்லை, அழகாகவே ஓடும். உடம்பின் எடை முன் சக்கரத்தில் கூடுதலாக விழும், ஸ்டியரிங் நிதானமாகும், டிராக் ஃபிரேமின் நிமிர்ந்த ஹெட் டியூபுக்கு அது நல்லதும்கூட. ஆனால் உங்களுக்கு 120-க்கு மேல் தேவைப்படுகிறது என்றால் ஃபிரேம் உங்களுக்குச் சின்னது என்று அர்த்தம்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் சேர்கின்றன. கூட வரும் சீட் போஸ்ட் குட்டையாக இருந்தால் நீளமானது வாங்க வேண்டும், அதில் குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரியக் கூடாது என்பது விட்டுக்கொடுக்க முடியாத விதி. ஸ்டெம் புதிது. ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) மேல் குழாயை ஏற்கெனவே வெட்டியிருந்தால் ஸ்பேசர் போட இடமே இருக்காது, மேல்நோக்கிச் சாயும் ஸ்டெம்தான் ஒரே வழி. கார்பன் குழாய் என்றால் ஸ்பேசருக்கு உச்சவரம்பு இருக்கும், பல கம்பெனிகளில் அது 30 மி.மீ. பக்கத்தில். திருகு மரை வைத்த பழைய ஹெட்செட் (ஹெட் டியூபின் பேரிங்) என்றால் ஸ்டெம்மிலேயே ஒரு செருகல் கோடு இருக்கும், அதையும் தாண்டி ஏற்ற முடியாது.

அப்புறம் ஷூ இடிப்பது. 601 வேண்டிய இடத்தில் 575. 26 மி.மீ. குறைவு, நிச்சயம் இடிக்கும். டயரை 32 ஆக்கினால் இன்னும் 7 மி.மீ. போகும், மட்கார்டு போட்டால் அதற்கும் மேல். சின்ன அளவு ஃபிரேம்களில் எல்லாம் இதே கதைதான், சக்கரம் மட்டும் அதே 700சி-யாக இருக்க ஃபிரேம் குறுகிக்கொண்டே வருகிறது.

சின்னது நல்லது என்று நான் சொல்வது எப்போது? தட்டையான டாப் டியூபில் பெரியதைத் தாண்டி நிற்க முடியாதபோது. கை நீட்டம் குறைவாக இருக்கும்போது. டிராப் ஹேண்டில் (நுனி கீழே வளைந்தது) போட்டு முதுகைத் தாழ்த்தி ஓட்டுவதுதான் நோக்கம், ஹேண்டில் சீட்டைவிடத் தாழ்வாக இருப்பதில் உடம்புக்குச் சிரமம் இல்லை என்னும்போது. வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தயத் தடம்) ஓட்டுகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும், அங்கே யூ-டர்ன் கிடையாது, நெரிசல் கிடையாது.

பெரிய ஃபிரேம்

பெரியதன் பலம் ஹேண்டில் உயரம். ஹெட் டியூப் நீளமாக இருப்பதால் ஸ்பேசர் அடுக்காமலே கை வசதியான இடத்துக்கு வரும். தினமும் வேலைக்குப் போய் வருகிறவர், முதுகில் பை மாட்டி ஓட்டுகிறவர், கழுத்திலோ இடுப்பிலோ வலி இருக்கிறவர் எல்லாருக்கும் 25 மி.மீ. ஸ்டாக் பெரிய விஷயம். ஃபிக்ஸட் கியரில் இன்னும் ஒரு படி கூடுதல், ஏனென்றால் காலை எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு முன்னால் தள்ளப்படும், அந்த எடையைத் தாங்குவது உள்ளங்கையும் தோளும். (முன் பிரேக் கட்டாயம் போடுங்கள், இரண்டு ஃபிரேமுக்கும் இது பொருந்தும்.)

ஷூ இடிப்பதும் குறையும், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள்: 588, தேவை 601. 13 மி.மீ. குறைவு. விளிம்பில் இருக்கிறது, சின்ன பாதம் உள்ளவருக்கு இடிக்காது, பெரிய பாதத்துக்கு லேசாக உரசும். ஒரு அளவு ஏறினால் இந்தப் பிரச்சினை காணாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பாதி குறையும், அவ்வளவுதான்.

இதன் மறைவான செலவு வேறு விதம். தூரம் அதிகமாகப் பட்டால் எல்லாரும் முதலில் செய்வது ஸ்டெம்மைக் குறைப்பது. 80 வரை சரி. 60, 50 என்று போனால் நிமிர்ந்த ஹெட் டியூபோடு சேர்ந்து ஹேண்டில் படபடக்க ஆரம்பிக்கும், ஒரு கையை எடுக்கவே தயக்கம் வரும். அதற்கு அடுத்துச் செய்வது இன்னும் மோசம்: சீட்டை முன்னால் தள்ளுவது. முழங்காலுக்கும் பெடலுக்கும் உள்ள உறவு மாறும், எடை கையில் ஏறும். கை நீட்டத்தைச் சரிசெய்யச் சீட்டை நகர்த்தக் கூடாது. சீட்டின் இடத்தைப் பெடலை வைத்து முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து ஹேண்டிலைத் தேட வேண்டும்.

தாண்டி நிற்கும் உயரம் மட்டும் எந்தப் பாகத்தை மாற்றினாலும் சரியாகாது. மெல்லிய டயர் போட்டால் சில மி.மீ. இறங்கும், அவ்வளவுதான். எனவே மேலே சொன்ன 2 செ.மீ. இடைவெளி கிடைக்கவில்லை என்றால் பெரியதை மறந்துவிடுங்கள், மற்ற எல்லாக் கணக்கும் அதற்குப் பக்கபலமாக இருந்தாலும் சரி.

இரண்டும் வேண்டாம், வேறு வடிவம்

பலர் யோசிக்காத வழி இது. ஒரு மாடலின் இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டியிருக்கிறீர்கள் என்றால், அந்த மாடலே உங்களுக்கு ஏற்றதில்லாமல் இருக்கலாம்.

சாலைக்காகவே வரையப்பட்ட ஃபிக்ஸட் கியர் ஃபிரேம்கள் இருக்கின்றன. ஹெட் டியூப் கொஞ்சம் சாய்வு, ஃபோர்க் கொஞ்சம் கூடுதலாக முன்னால் வளைந்திருக்கும், டாப் டியூப் பின்னால் சரியும். இதனால் அதே கை நீட்டத்துக்கு ஃபிரன்ட் சென்டர் 10, 15 மி.மீ. கூடும், தாண்டி நிற்கவும் இடம் கிடைக்கும். அதாவது பெரியதன் ஸ்டாக், சின்னதன் தாண்டும் உயரம், இரண்டும் ஒரே ஃபிரேமில். டிராக் ஃபிரேமின் அந்தக் கூர்மையான திருப்பம் கொஞ்சம் குறையும், சாலையில் அது குறை என்று நான் நினைக்கவில்லை.

பழைய ரோடு ஃபிரேமை மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. பின் சக்கரத்தை முன்பின் நகர்த்திச் செயினை இறுக்கும்படி கிடைமட்டமான அல்லது பாதி கிடைமட்டமான டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் வெட்டு) இருக்க வேண்டும், நேர் கீழே இறங்கும் டிராப்அவுட் என்றால் தொடவே தொடாதீர்கள். பின் இடைவெளி டிராக் ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப் பாகம்) 120 மி.மீ., ரோடு ஃபிரேமில் 126 அல்லது 130 இருக்கும், ஸ்பேசரோ வேறு ஹப்போ தேவைப்படும், செயின் நேர்கோட்டில் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாட்டம் பிராக்கெட் தாழ்வாக இருப்பதால் 165-ஐவிட நீளமான கிராங்க் போட்டால் வளைவில் பெடல் தரையில் தட்டும். இவ்வளவும் சேர்ந்தாலும், உங்கள் உடம்பு ரோடு சைக்கிளின் 54-க்கு ஏற்கெனவே பழகியிருந்தால் அளவில் தவறு நடக்க வாய்ப்பே குறைவு.

பழைய ஜப்பானிய கெய்ரின் (ஒரு வகைத் தடப் பந்தயம்) ஃபிரேம்களைத் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் பல, ஒரு குறிப்பிட்ட பந்தய வீரரின் உடம்புக்காக அளந்து கட்டியவை. அதனால்தான் சீட் டியூபையும் டாப் டியூபையும் தனித்தனியாகக் குறிப்பிடுவார்கள். 525 சீட் டியூபில் 545 டாப் டியூப் வரலாம். தாழக் குனிந்து ஓட்டும் வீரருக்கு அது சரி, உங்களுக்கு அப்படியே பொருந்துவது அதிர்ஷ்டம். ஃபோர்க்கில் பிரேக் மாட்ட ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாதவை நிறைய. இந்த வகையில் ஆசை இருந்தால் சீட் டியூபை விட்டு டாப் டியூபை வைத்து மட்டும் தேடுங்கள்.

மிகவும் குட்டையானவர்களுக்கு 650சி சக்கரம் வைத்த ஃபிரேம் உண்மையான தீர்வு. ரிம்மின் விட்டம் 622-க்குப் பதில் 571, ஆரத்தில் 25 மி.மீ. மிச்சம், ஷூ இடிப்பது ஏறக்குறைய தீர்ந்துவிடும். டயர் தேர்வு குறைவு என்பதுதான் விலை. உடம்புக்கு அளந்து கட்டுவது எல்லாவற்றையும் தீர்க்கும், ஆனால் உங்களுக்குப் பொருந்தும் ரீச், ஸ்டாக் என்ன என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்த பிறகுதான் அதற்குப் போக வேண்டும்.

ஒரே பார்வையில்

| | சின்ன ஃபிரேம் | பெரிய ஃபிரேம் | வேறு வடிவம் |
|---|---|---|---|
| சீட் உயரம் | நீள சீட் போஸ்ட் தேவைப்படலாம் | எளிது | எளிது |
| கை நீட்டம் | நீள ஸ்டெம், 120-க்கு மேல் வேண்டாம் | குட்டை ஸ்டெம், 80-க்குக் கீழ் வேண்டாம் | பெரும்பாலும் நடுவில் |
| ஹேண்டில் உயரம் | தாழ்வு, ஏற்றுவதற்கு வரம்பு உண்டு | உயரம், இறக்குவது கொஞ்சம்தான் முடியும் | ஃபிரேமைப் பொறுத்தது |
| ஷூ இடிப்பது | நிச்சயம் இருக்கும் | குறையும், தீராது | பெரும்பாலும் குறைவு |
| தாண்டி நிற்பது | தாராளம் | அளந்தே ஆக வேண்டும் | சரிந்த டாப் டியூபில் தாராளம் |
| மறைவான செலவு | ஸ்டெம், சீட் போஸ்ட், ஸ்பேசர் | ஸ்டெம், ஹேண்டில் | ரோடு ஃபிரேம் என்றால் ஹப், கிராங்க் |

ஹேண்டிலை முடிவு செய்தீர்களா?

இரண்டும் சமமாகப் படுகிறது என்றால் நான் கேட்கும் அடுத்த கேள்வி இது. டிராப் ஹேண்டிலில் கை வைக்கும் வளைவு ஸ்டெம் பிடியிலிருந்து 8 முதல் 10 செ.மீ. முன்னால் இருக்கும், பிரேக் லீவரின் மேல் கை வைத்தால் அதற்கும் முன்னால். புல்ஹார்னும் (மாட்டுக் கொம்பு போல முன்னால் நீளும் ஹேண்டில்) இதே பக்கம்தான். ரைசர் (இரண்டு பக்கமும் மேலே உயரும்) அல்லது தட்டை ஹேண்டிலில் கை ஸ்டெம் பிடியின் வரிசையிலோ கொஞ்சம் பின்னாலோ வரும். ஒரே ஃபிரேம், ஒரே ஸ்டெம், ஹேண்டிலை மாற்றியதும் கை 10 செ.மீ. இடம் மாறுகிறது. இரண்டு ஃபிரேம் அளவுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ரைசர் என்றால் பெரியது. நீளமான ரீச் வீணாகாது, எழுந்து நின்று மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டிலில் தட்டாது. டிராப்பில் முழு நேரமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் சின்னது. இன்னும் முடிவு செய்யவில்லை, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன் என்றால் அப்போதும் பெரியதன் பக்கமே சாய்வேன், தாண்டி நிற்க முடிகிற வரை. ஏனென்றால் ஸ்டெம்மை இரண்டு செ.மீ. குறைத்து ஓட்டலாம், குட்டையான ஹெட் டியூபை நீட்ட முடியாது.

பழையது வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியவை

விற்பவர் சொல்லும் எண்ணை எழுதி வைக்காமல், அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: பாட்டம் பிராக்கெட்டிலிருந்து முன் அச்சு வரை ஒரு படம், தரையிலிருந்து டாப் டியூபின் நடு வரை ஒன்று, ஹெட் டியூப் நீளம் ஒன்று. ஃபோர்க் குழாய் ஹெட் டியூபுக்கு மேல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள், ஃபிரேம் நேரில் பொருந்தினாலும் அந்தக் குழாய் குட்டையாக இருந்தால் வேலைக்கு ஆகாது. சீட் போஸ்ட் அசைகிறதா என்று அவர் முன்னாலேயே தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீல் ஃபிரேமில் அலுமினிய போஸ்ட் வருடக்கணக்கில் கழற்றாமல் இருந்தால் துருவேறி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த அளவு வாங்கினாலும் உங்கள் சீட் முந்தைய உரிமையாளரின் உயரத்தில்தான் நிற்கும்.